நரி இழுத்த வால்

ஒரு காட்டில், மழை விட்டதும் முதலில் வாயைத் திறப்பது தவளை அல்ல, பாறையன் என்கிற உடும்புதான். மழை விட்டால் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் அல்லவா? அவன் புற்று வாசலிலேயே படுத்துக்கொண்டு, வருகிற ஈசலை எல்லாம் வழித்து வழித்துத் தின்பான். ஈசல் காலம் முடிந்தபோது அவன் வயிறு தரையைப் பெருக்கிக்கொண்டு போயிற்று.

அவன் வீடு மலைச்சரிவில் ஒரு பாறை வளை. ஒரு நாள் தலையை நுழைத்தான், முன்கால்களை நுழைத்தான், வயிறு நுழையவில்லை. அந்தச் சரிவில் நீலி என்கிற நரி வேறு உடும்புக் கறிக்காக அலைந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குள் போக முடியாத உடும்பு எத்தனை நாள் பிழைக்கும்? பாறையனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நேரே ஓடைக்கரை ஆமையிடம் போனான்.

"ஆமையண்ணே, இந்த வயிற்றைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்கள்."

"இதற்கா இந்த அழுகை? லங்கணம் பரம ஔஷதம், தம்பி; பட்டினியை மிஞ்சிய மருந்து இல்லை. கோடையில் நான் சேற்றில் புதைந்து, தின்னாமல் அசையாமல் கிடப்பேன். நீயும் அப்படியே கிட."

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். பாறையன் முட்புதருக்குள் போய்ப் படுத்தான். தின்னவும் இல்லை, காலை நீட்டக்கூட இல்லை. வாரங்கள் போயின. வயிறு வற்றியது. ஆனந்தமாக எழுந்து போய் வளைக்குள் நுழைந்தான். வால் மட்டும் வெளியே கிடந்தது.

அதை நீலி கவ்விவிட்டாள்.

உடும்புப் பிடி என்று ஊரெல்லாம் சொல்கிற பிடி ஆயிற்றே! பாறையன் நகங்களைப் பாறையில் ஊன்றினான். காலில் பலமே இல்லை. ஈரச் சுவரில் அடித்த ஆணிபோல வெளியே வந்து விழுந்தான். கொழுப்போடு சேர்த்துப் பலத்தையும் கரைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

நீலி அவனை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "என்னடா இது, எலும்பும் தோலுமாக இருக்கிறாய்?"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், அக்கா. இப்போது தின்றால் உங்கள் கடைவாய்ப் பல்லுக்குக்கூடக் காணாது. என்னை வளையிலேயே விட்டுவிடுங்கள். தினமும் சாயங்காலம் ஒரு கவுதாரி முட்டை கொடுங்கள். வாலை இழுத்துப் பாருங்கள். கனம் போதும் என்று தோன்றுகிற அன்றைக்குத் தின்றுகொள்ளுங்கள்."

"ஒன்று எதற்கு? நாலாகவே தருகிறேன்."

"வேண்டாம், அக்கா. வயிறு பெருத்தால் வளைக்குள்ளேயே சிக்கிக்கொள்வேன். அப்புறம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

"ஓடிவிட மாட்டாயே?"

"இந்தக் காலை வைத்துக்கொண்டா?"

நீலிக்கு நாக்கில் நீர் ஊறியது. சரி என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஒரு முட்டை, பிறகு ஓர் இழுப்பு. மற்ற நேரமெல்லாம் பாறையன் விரதம்தான். ஆனால் இந்த முறை சும்மா கிடக்கவில்லை. பகல் முழுவதும் வளைச் சுவரைப் பற்றிப் பற்றி ஏறினான். முதலில் நீலி இழுத்தால் கழுத்து வரை வெளியே வந்தான். பிறகு இடுப்பு வரை வந்தான். பிறகு வாலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஆகா, கனம் ஏறுகிறது, கனம் ஏறுகிறது" என்று நீலி பூரித்துப்போனாள். முட்டை தேடி மலையெல்லாம் ஓடியதில் அவள் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போயிற்று. "இன்றைக்கு விருந்துதான்" என்று பாறையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். பாறையன் அசையவில்லை.

"பிடியைக் கொஞ்சம் விடேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கெஞ்சினாள்.

"விடச் சொன்னால் விடுகிற உடும்பை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், அக்கா?" என்று வாலை ஒரு சுழற்றுச் சுழற்றினான். நீலி பிடி நழுவி, சரிவில் உருண்டு, சப்பாத்திக் கள்ளியில் போய் விழுந்தாள். முள்ளைப் பிடுங்கியபடி அந்தக் காட்டைவிட்டே போய்விட்டாள்.

மறுநாள் பாறையன் ஓடைக்கரைக்குப் போனான்.

"விரதம் பலித்ததா, தம்பி?" என்றது ஆமை.

"வயிறு போயிற்று, அண்ணே. கூடவே உயிரும் போகப் பார்த்தது. அசையாமல் கிடந்தால் பலமும் போய்விடும் என்று நீங்கள் சொல்லவில்லையே?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "எனக்கு ஓடு இருக்கிறதே, தம்பி. எனக்கு எப்படித் தெரியும்?"

நீதி: கொழுப்பைக் கரைக்க விரதம் போதும், பலத்தைக் காக்க உழைப்பும் வேண்டும்.