செண்பகத்துக்குப் பன்னிரண்டு அடி

பாளையங்கோட்டைப் பக்கம் கோமதிநாயகம் என்று ஒரு தோட்டக் காண்ட்ராக்டர். புத்தி என்கிற சாமானை மனுஷன் சின்ன வயசிலேயே பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார். எங்கே வைத்தார் என்பதுதான் ஞாபகமில்லை.

புதுக் கல்யாண மண்டபம் ஒன்றுக்குத் தோட்டம் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. முதலாளி ஆவுடையப்பனுக்குத் தோட்டம் பிடித்துப்போனால் அவருடைய மற்ற மண்டபங்களும் கோமதிநாயகத்துக்குத்தான். பிடிக்காவிட்டால் மச்சானுடைய அரிசி மில்லில் போய்ச் சாக்குத் தைக்க வேண்டும்.

அதனால் இந்தத் தடவை எல்லாம் கம்ப்யூட்டர்படி என்று முடிவு. கம்ப்யூட்டரில் கரைகண்ட செல்வினை வேலைக்கு வைத்தார்; அதாவது, அதை ஆன் பண்ணத் தெரிந்தவன். நிலத்தின் அளவையும் செடிக்குச் செடி இடைவெளியையும் போட்டால், எத்தனை செடி வேண்டும் என்று சாஃப்ட்வேரே அட்டவணை கொடுத்துவிடும். இட்லிப்பூப் பாத்திக்கு ஒன்றரை அடி இடைவெளி, இருநூறு செடி என்றது.

நடுகிற ஆள் சுடலைமுத்து டேப்பை விரித்துவிட்டு யோசித்தான்.

“அண்ணாச்சி, ஒன்றரை அடி எங்கேருந்து? தண்டுலேருந்தா, இலை நுனியிலேருந்தா?”

“பக்கத்து வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் இடைவெளியைச் செவத்துலேருந்து அளப்பியா, உள்ள கெடக்க கட்டில்லேருந்து அளப்பியாலே?” என்றார் கோமதிநாயகம்.

என்ன ஒரு அறிவு! இலை நுனி என்று தீர்மானமாயிற்று. காற்றடித்தது, இலை ஆடியது, அளவும் ஆடியது. இரண்டு பேர் தார்ப்பாயைப் பிடித்துக் காற்றை மறிக்க, நடவு நடந்தது. பாதிச் செடி நடும்போதே பாத்தி தீர்ந்துவிட்டது.

“கம்ப்யூட்டர் தப்பே விடாது அண்ணாச்சி,” என்றான் செல்வின். “தரைதான் சுருங்கிட்டு.”

“தண்ணி விட்டுப் பாப்போம்,” என்றான் சுடலைமுத்து. “அரிசி ஊறுனா பெருகுதுல்லா?”

ராத்திரி பூரா தண்ணீர் பாய்ச்சினார்கள். காலையில் முழங்கால் வரைக்கும் சேறு. சுடலைமுத்துவின் செருப்பில் ஒன்று உள்ளே போனது போனதுதான். தரை மட்டும் ஒரு விரக்கடைகூடப் பெருகவில்லை. கடைசியில் கோமதிநாயகமே வழி கண்டுபிடித்தார்: இலையைப் பறித்துவிட்டால் இடைவெளி தானாகக் கூடும்! பூவும் இலையும் போனபின் இருநூறு செடியும் கச்சிதமாக உட்கார்ந்தன, மண்ணில் ஊதுபத்தி குத்தி வைத்த மாதிரி.

அப்புறம்தான் அட்டவணையின் கடைசி வரி கண்ணில் பட்டது. செண்பகம், எண்ணிக்கை ஒன்று, இடைவெளி பன்னிரண்டு அடி.

“ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு. அது யாருட்டேருந்து பன்னிரண்டு அடி தள்ளி நிக்கணும்?” என்றார் கோமதிநாயகம்.

“இன்னொரு செண்பகம் வாங்கிருவோமா?” என்றான் சுடலைமுத்து.

“எண்ணிக்கை ஒண்ணுன்னு போட்டிருக்கேலே! ரெண்டு வச்சா கணக்கு நாறிரும்.”

“அப்போ செண்பகம் இல்லாத ஏதோ ஒண்ணு அங்க நிக்கணும் அண்ணாச்சி,” என்றான் செல்வின். இரண்டு பேரும் கோமதிநாயகத்தையே பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை முதலாளி காரை விட்டு இறங்கினார். மொட்டைக் குச்சிகளைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். செண்பகக் கன்றுக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நின்ற காண்ட்ராக்டரைப் பார்த்தார்.

“ஏன்வே அங்க நிக்கீரு?”

“இடைவெளிக்கு முதலாளி.”

முதலாளி டேப்பை வாங்கித் தானே குனிந்து அளந்தார். பன்னிரண்டு அடி, மயிரிழை பிசகவில்லை.

“அட, வேலைன்னா இது வேலை! எல்லா மண்டபமும் உமக்குத்தான்வே.”

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. கையைத் தூக்கினால் அளவு கெட்டுவிடுமே என்று துடைக்காமல் விட்டார்.

“ஆனா அட்டவணையில உம்ம பேரு இல்லையே? முறையாச் சேத்துருங்க,” என்றார் முதலாளி.

செல்வின் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து தட்டினான். கோமதிநாயகம், இடைவெளி பன்னிரண்டு அடி. சாஃப்ட்வேர் முழு நிலத்துக்கும் கணக்குப் போட்டுத் தந்தது. செல்வின் முகம் வெளுத்தது.

“முதலாளி, மொத்தம் முப்பத்தாறு கோமதிநாயகம் வேணுங்குது. நம்மட்ட ஒண்ணுதான் இருக்கு.”

“என்னவே இது, விழாவை வச்சுக்கிட்டு? மிச்சம் எந்த நர்சரியில கெடைக்கும்?” என்று முதலாளி கத்தினார்.

கோமதிநாயகம் நின்ற இடத்திலிருந்து அசையாமலே பதில் சொன்னார்.

“தென்காசிப் பக்கம் சொல்லி வைக்கேன் முதலாளி. இந்த சீசன்ல கொஞ்சம் தட்டுப்பாடு.”