அடுப்பு மணி

கடலுக்கு அப்பாலிருந்து ஆண்ட அரசன் கரையோர ஊர்களான ஐந்து துறைகளுக்கும் பொதுவாக ஒரு மணியைக் கட்டி வைத்திருந்தான். பொழுது சாய்ந்ததும் அது அடிக்கும். அடித்ததும் எல்லா வீட்டிலும் அடுப்பு அணைந்துவிட வேண்டும். வெளிச்சம் இருந்தால்தானே கூடிப் பேசுவார்கள் என்பது அவன் எண்ணம்.

ஒருநாள், மணி அடித்த பிறகு ஐந்து துறைக்காரர்களும் அடுப்பை மூட்டினார்கள். சண்டை மூண்டது. எத்தனையோ வீட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். கடைசியில் அரசனின் கப்பல்கள் போய்விட்டன. துறைகள் சேர்ந்து ஒரு சபை அமைத்தன. முன்னால் நின்று போராடிய வடமலையைத் தலைவனாக்கினார்கள்.

ஆண்டு ஒன்று திரும்பவில்லை. வடமலை வேர்க்க விறுவிறுக்கத் தன் குருவம்மாவின் குடிலுக்கு வந்தான். அரசனின் மணியை மீறி முதல் அடுப்பை மூட்டிச் சவுக்கடி வாங்கியவர் அவர்தான். வாசலில் குதிரைவீரர்கள் காத்து நின்றார்கள்.

"ஆசி வேணும் அம்மா."

"எதுக்குப்பா?"

"நண்டல்துறைக்குப் படை போகுது."

குருவம்மா கஞ்சிப்பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"நம்ம நண்டல்துறைக்கா?"

"மணி அடிச்ச பிறகும் அடுப்பு எரிக்கிறாங்க. அந்தக் கப்பலுங்க திரும்பி வந்தா, வெளிச்சத்தை வெச்சே கரையைக் கண்டுபிடிச்சிருவாங்க. மணி இருக்கட்டும்னு சபையில முடிவு பண்ணியாச்சு."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"கரைக்கு வர்றதே மணிக்கு அப்புறம்தானாம். மீனைப் பச்சையாத் திங்கவான்னு கேக்குறாங்க. ஆள் அனுப்பினேன். 'உங்க தலைவரை வந்து தின்னு காட்டச் சொல்லு'ன்னு சிரிச்சாங்களாம்."

குருவம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வடமலை சிரிக்கவில்லை.

"முடிவு பண்ணும்போது அவங்க ஆள் சபையில இருந்தாரா?"

"கடலுக்குப் போயிருந்தார். எத்தனை நேரம் காத்திருக்கிறது? இன்னைக்கு ஒரு துறை மீறினா நாளைக்கு அஞ்சும் மீறும். அப்புறம் எதுக்கு சபை? எதுக்கு நான்?"

வாசலில் ஒரு குதிரை கால் மாற்றி மிதித்தது.

"தலைவரே, இருட்டுது" என்றான் ஒருவன்.

"ஆசி அம்மா" என்றான் வடமலை.

"உலை கொதிக்கட்டும். ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

வேறு வழியில்லாமல் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தான். விறகு சடசடத்தது. பானை முனக ஆரம்பித்தது.

துறையில் மணி அடித்தது.

வடமலையின் கை பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அடுப்பில் கவிழ்த்துவிட்டது. புஸ்ஸென்று புகை எழும்பிக் குடிலை அடைத்தது. இருமல் அடங்கிய பிறகுதான் வெறும் சொம்பு தன் கையில் இருப்பதைப் பார்த்தான்.

"யாருப்பா அணைக்கச் சொன்னது?"

"மணி... மணி அடிச்சுதே."

"யாரோட மணி?"

"நம்ம மணிதான் அம்மா."

குருவம்மா ஈர விறகைப் புரட்டிப் பார்த்தார்.

"அடுப்புக்கு அது தெரியலையே."

"தலைவரே, புறப்படலாமா?" வாசலில் மறுபடியும் குரல்.

வடமலை சொம்பைக் கீழே வைத்தான்.

குருவம்மா காய்ந்த விறகாகப் பார்த்து இரண்டைச் செருகினார். ஊதுகுழலை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"வாசல்ல நிக்கிற பிள்ளைகளுக்கும் பசிக்கும். உள்ளே வரச் சொல்றேன். நீ ஊது."