பஸ்ஸை நிப்பாட்டாதீங்க

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு, பயத்துக்கும் பதற்றத்துக்கும் வைத்தியம் பார்க்கப் படித்தவர் லூர்துராஜ். அவருக்குக் கற்றுக்கொடுத்த ஷமீமாவுக்கு அவருடைய மகள் வயது. இருந்தால் என்ன, குரு குருதானே! ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் முகம் தொங்கிப்போய் வந்து உட்கார்ந்தார்.

“மேடம், என்கிட்ட வைத்தியத்துக்கு வார பொன்னுத்தாயை இனி நீங்களே பார்த்துக்கிடுங்க.”

“ஏன் சார்?”

“நீங்க சொல்லித்தந்த அதே பயிற்சியைத்தான் நானும் கொடுக்கேன். உங்ககிட்ட வாரவங்க தேறிடுதாங்க. என்கிட்ட வாரவங்க அப்படியே இருக்காங்க. பாவம், கோவில்பட்டியில பேரன் பொறந்திருக்கான். பஸ் ஏறப் பயந்துக்கிட்டு இந்த அம்மா இன்னும் அவன் முகத்தைப் பார்க்கலை. நாளைக்கு மறுபடி கூட்டிட்டுப் போறேன். அப்பவும் போய்ச் சேரலைன்னா இனி வைத்தியமே வேண்டாம்னுட்டாங்க.”

ஷமீமா சிரித்தார். “நாளைக்கு நானும் வாரேன். ஆனா வைத்தியம் உங்களுதுதான்.”

மறுநாள் மூவரும் தூத்துக்குடியில் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் பொன்னுத்தாய், நடுவில் லூர்துராஜ், இந்தப் பக்கம் ஷமீமா.

ஊரைத் தாண்டியதுதான் தாமதம், பொன்னுத்தாய்க்கு வேர்த்துக் கொட்டியது.

“ஐயோ, நெஞ்சை அடைக்கு சார்! எறங்கிருவோம்!”

லூர்துராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன தடவையும் பாதி வழியில் இறக்கிக் கூட்டி வந்தது அவர்தான். ஒரு பொம்பளை இப்படித் துடிக்கும்போது எந்த மனுஷன் பார்த்துக்கொண்டு இருப்பான்?

“கண்டக்டர், பஸ்ஸை…” என்று பாதி எழுந்தார்.

ஷமீமா அவர் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவே இல்லை.

லூர்துராஜ் உட்கார்ந்தார். அவருடைய படபடப்பு மெல்ல அடங்கியது. எப்போதும் சொல்கிற ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ இன்று வாயில் வரவில்லை.

“பயமா இருக்கா தாயி? இருக்கட்டும். நான் பக்கத்துலயே இருக்கேன். பஸ் போகட்டும்.”

பொன்னுத்தாய் நடுங்கினாள், அழுதாள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டயபுரம் வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“புள்ளை யாரு சாடைன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லலையே சார்!”

கோவில்பட்டியில் மகள் காத்திருந்தாள். பொன்னுத்தாய் பேரனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். லூர்துராஜ் ஷமீமாவின் பக்கம் திரும்பினார்.

“மேடம், பயந்தது அந்த அம்மா. நீங்க என் கையையில்லா பிடிச்சீங்க?”

“அவங்க பயத்துக்கு நீங்க இருந்தீங்க சார். உங்க பயத்துக்கு இத்தனை நாளும் யாரு இருந்தா?”