பொட்டு வைத்த குஞ்சுகள்

பண்ணையாரின் வரிக்கோழியை ஒச்சாயி வாரத்துக்கு வளர்த்தாள். குஞ்சில் பாதி அவளுக்கு. சிவப்புச் சேவலோடு சேர்ந்து அது பொரித்ததெல்லாம் கறுப்புக் குஞ்சுகள். பாதிக்கு உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு.

"பெட்டையெல்லாம் எனக்கு, சேவலெல்லாம் உனக்கு. இப்பவே பிரி!" என்று உறுமினார் பண்ணையார். பெட்டை போனால் முட்டை ஏது, அவளுக்குக் கஞ்சி ஏது?

ஒச்சாயி பொட்டுக் குஞ்சுகளை மடியில் மூடிக்கொண்டு, "இதுகள மட்டும் கேக்காதீங்கய்யா!" என்று ஒப்பாரி வைத்தாள்.

"பொட்டு வச்ச பொண்ணுகள ஒளிக்கிறியா?" என்று அத்தனையையும் பிடுங்கிப்போனார்.

குஞ்சுகள் வளர்ந்தன. ஒரு விடியலில் பண்ணையார் வீட்டில் அத்தனையும் ஒரே குரலில் கொக்கரக்கோ! வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஒச்சாயி வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அடியே, எல்லாம் சேவலா? பொட்டு இருந்துச்சே!"

"இந்தக் கலப்புல பொட்டோட பொரியறதுதான் சேவல். உங்க நெத்தியிலயும்தான் சந்தனப் பொட்டு இருக்கு, முட்டையா போடுறீங்கய்யா?"