கிரீடத்துக்குத் தம்பி

வெகு காலத்துக்கு முன்னால் கருங்காலி நாட்டைக் கோதண்டராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவர் காலத்தில் ஒரு நாள் காலை, அதிரசம் சுட்டு விற்கும் வீராயி அரண்மனை வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றாள். பேர்தான் வீராயி, பல்லி சத்தம் கேட்டாலே பதறுகிறவள். நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியாமல், வாய் குழறி உளறிவிடுவோமோ என்பதுதான் அவள் கவலை.

கவலை வராமல் என்ன செய்யும்? காவலனை அடித்தாள் என்பது அவள் மேல் வழக்கு.

ராஜாவுக்குப் பொழுது விடிந்தால் ஒரு சட்டம் போட்டாக வேண்டும். ஒருநாள் காவலர்களுக்குச் சிவப்புத் தலைப்பாகை கொடுத்து, "இது என் கிரீடத்துக்குத் தம்பி. இதைக் கட்டியவனை அடிப்பது என்னை அடிப்பது. அடித்தவரின் கடை பறிமுதல், ஊரைவிட்டே வெளியேற்றம்" என்று தண்டோரா போட்டுவிட்டார். தளவாய் இரட்டைமலையார் சும்மா இருப்பாரா? "கிரீடத்தின் தம்பியைக் கண்ட இடத்தில் துவைக்கலாமா? ராஜா பிறந்தநாளில் அரண்மனையில்தான் வெளுக்க வேண்டும்" என்று ஒரு வாலையும் சேர்த்தார்.

வழக்கு என்று ஊருக்குத் தெரிந்ததுமே வீராயியிடம் ஒருவரும் அதிரசம் வாங்கவில்லை. தீர்ப்புக்கு முன்பே பாதி தண்டனை முடிந்துவிட்டது.

சபையில் காவலன் சடையாண்டி தலையைச் சொறிந்தபடி நின்றான். அவன் தளவாயின் அக்காள் மகன். 'அடி பலமாகப் பட்டுவிட்டதோ?' என்று வீராயி அவன் தலையையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா நடந்தது?" என்று கேட்டார் மந்திரி திருவேங்கடத்தார்.

"சாமி, அடுப்புப் புகைக்குக் கண்ணைத் துடைச்சுட்டுத் திரும்புறேன், ஒரு மொட்டைத் தலை என் பெட்டிக்குள்ள குனிஞ்சு கிடக்கு. திருடன்னு நினைச்சு ஜல்லிக்கரண்டியால ஒண்ணு வச்சேன். அப்புறம் அவரு தலைப்பாகையை எடுத்துக் கட்டுனாரு, காவலரா ஆயிட்டாரு. தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சிடுங்க சாமி!"

"பொய்!" என்றான் சடையாண்டி. "கட்டிய தலைப்பாகை மேலேயே அடித்தாள்!" சொல்லிக்கொண்டே மறுபடி சொறிந்தான்.

"பார்த்தீரா மந்திரியாரே?" தளவாய் மீசையை முறுக்கினார். "உமக்கு அதிரசக்காரி மேல் இரக்கம். ராஜாவின் மானத்தின் மேல் இல்லை."

"இருக்கிறதே! அதனால்தான் கேட்கிறேன். அடிபட்ட அந்தத் தம்பியை அண்ணன் தன் கையாலேயே வாங்கிப் பார்க்க வேண்டாமா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கொண்டா!" என்று கையை நீட்டினார். சடையாண்டி முகம் வெளுத்தது. மாமனைப் பார்த்தான், மாமன் தலையாட்டினார். அவிழ்த்துக் கொடுத்தான்.

"அரசே, கரண்டி எண்ணெயில் ஊறினது. வெளியே கறை உண்டா?" என்று கேட்டார் மந்திரி.

"இல்லையே."

"உள்மடிப்பில்?"

ராஜா விரலை விட்டார். பிசுபிசுவென்று வெல்லப்பாகு ஒட்டியது. அதைத் தொடர்ந்து சாரை சாரையாக எறும்புகள் கிளம்பி அவர் மணிக்கட்டில் ஏறின.

"ஆ! கடிக்கிறதே!"

சபை கொல்லென்று சிரித்தது. அதிரசத்தை அள்ளிப்போக அவிழ்த்த தலைப்பாகை. வீட்டில் துவைக்கவும் வழியில்லை!

தளவாய் விடவில்லை. "தலையில் இருந்தால் என்ன, கையில் இருந்தால் என்ன? காவலன் காவலன்தான்! அடி அடிதான்!"

"நல்லது" என்றார் மந்திரி. "அப்படியானால் முதலில் ராஜாவையே கடித்த இந்த எறும்புக்குத் தண்டனை சொல்லுங்கள்."

"எறும்புக்கு என்ன தெரியும்? இவர் ராஜா என்று அதற்கு..." தளவாய் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியாதல்லவா? கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கும் ராஜாவை எறும்புக்குத் தெரியவில்லை. மொட்டைத் தலையோடு குனிந்திருந்த காவலனை இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?"

ராஜா கையை உதறிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். "வழக்கு தள்ளுபடி! ஆளைத் தெரியாமல் பட்ட அடிக்கு இனி இந்தச் சட்டம் செல்லாது. மந்திரியாரே, இந்த முத்துமாலை உமக்கு. சடையாண்டி, என் பிறந்தநாள் வரைக்கும் நீ குதிரைச் சாணம் அள்ளு. தளவாயே, மருமகனுக்குப் பரிந்து பேசிய வாயால், நடுச்சந்தையில் நின்று 'என் மருமகன் அதிரசத் திருடன்' என்று நீரே தண்டோரா போடும்!"

பிறகு வீராயியைப் பார்த்தார். "உனக்கு என்ன வேண்டும்? பயப்படாமல் கேள்."

பொன் கேட்டால் திருடன் வருவான். நிலம் கேட்டால் தளவாய் வருவார். வீராயி மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க மகாராஜா. அந்தத் தலைப்பாகையையே குடுத்துடுங்க."

மறுநாள் சந்தையில் அவளுடைய அதிரசப் பெட்டியைச் சுற்றி, ராஜாவின் தனி அனுமதியோடு எறும்பு போகத் துவைத்த சிவப்புத் தலைப்பாகை இறுக்கிக் கட்டியிருந்தது. அதிரசம் வாங்க வந்த காவலர்கள் நாலடி தள்ளி நின்று கும்பிட்டார்கள்.

"கிட்ட வராதீங்கய்யா" என்றாள் வீராயி, கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. "இது ராஜா வீட்டுத் தம்பி. நானே எடுத்துத் தர்றேன்."