எதிரே போட்ட இலை

முன்னொரு காலத்தில், தான் போட்ட விருந்தைச் சுவர்கூட மறக்கக் கூடாது என்று ஆசைப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். தம் முடிசூட்டு விழாப் பந்தியைக் கொலு மண்டபச் சுவரில் அப்படியே எழுதும்படி மாசிலாமணி என்ற சித்திரக்காரருக்கு உத்தரவிட்டார்.

எட்டு மாதத்தில் படம் முடிந்தது. திரையை விலக்கியபோது அரண்மனை விகடன் பூதலிங்கம் வாயடைத்து நின்றான். அவன் வாய் மூடி அந்த ஊர் அதுவரை பார்த்ததே இல்லை. படத்தின் நடுவில் ராஜா, பார்ப்பவர்களை நோக்கிச் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். எதிரே தலைவாழை இலை. சோற்றில் ஆவி பறக்கிறது. பருப்பின் மேல் நெய் வழிகிறது. ஓரத்தில் கிழட்டுச் சேனாதிபதி, பக்கத்து இலை வடையைக் கள்ளத்தனமாகப் பார்க்கிறார். ‘அடடா, இது மனுஷக் கைதானா!’ என்று பூதலிங்கம் உருகிப் போனான்.

பந்தி விசாரிக்கும் அதிகாரி மழவராயருக்கோ வயிறு எரிந்தது. தம்மை ராஜாவுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லி அவர் முன்பே காதைக் கடித்திருந்தார். “ஐயா நின்னது மோர்ப்பானை பக்கத்துலதானுங்களே” என்று சொல்லி, மாசிலாமணி அவரை அங்கேயே எழுதிவிட்டார்.

மழவராயர் கைகட்டி முன்னே வந்தார்.

“மன்னர் பெருமானே, சொல்லவே நாக்கூசுகிறது. தங்கள் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது, பாருங்கள்.”

ராஜா பார்த்தார். படத்தின் முன் நின்று பார்த்த அவருக்கு, நுனி தம் வலப்பக்கமாகத் தெரிந்தது. உண்பவரின் இடக்கைப் பக்கம் நுனி வர வேண்டும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மாற்றிப் போடுவது செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான்.

“உயிரோடு இருக்கும் எமக்குக் கருமாதி இலையா?” என்று ராஜா கொதித்தார். “நாளை உச்சிப்பொழுதில் இவன் வலக்கைக் கட்டைவிரலை வெட்டுங்கள்!”

எதிரில் இருந்து பார்த்தால் இடம் வலமாகத்தான் தெரியும். பரிமாறுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். மழவராயருக்கு நன்றாகவே தெரியும். ராஜாவுக்குத்தான் தெரியாது. அவருக்கு எதிரே உட்கார்ந்து யாரும் உண்ணக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். ஆகவே பிறந்தது முதல் அவர் தம் இலையைத் தவிர வேறு இலையைக் கவனித்ததில்லை. ராஜாவின் தீர்ப்பைத் தவறென்று சொன்னவன் தலை தப்பாது என்பதும் வழக்கம்தான். சபை கலைந்தது.

மண்டபப் படிக்கட்டில் மாசிலாமணி தம் விரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூதலிங்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“வெரலு போனா போவுது தம்பி. கண்ணு பாத்ததைக் கை பொய்யா எழுதல. அது போதும் எனக்கு.”

பூதலிங்கம் எழுந்தான். “போதாதுண்ணே. எனக்குப் போதாது” என்று சொல்லிவிட்டு நேரே ராஜாவிடம் போனான்.

“அரசே, இவ்வளவு பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்த மழவராயருக்குச் சன்மானம் வேண்டாமா? வழக்கத்தைத் தளர்த்தி, நாளை ஒரு வேளை தங்களுக்கு எதிரே அமர்ந்து உண்ணும் பேற்றை அவருக்கு அளியுங்கள். அடியேனே இலை போடுகிறேன்.”

ராஜா சம்மதித்தார். மழவராயருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. ராஜா சித்திரத்தை நோக்கி அமர்ந்தார். அவருக்கு எதிரே, சித்திரத்துக்கு நேர் கீழே, மழவராயர் பட்டுடுத்தி வந்து உட்கார்ந்தார். பூதலிங்கம் பயபக்தியோடு இலையை விரித்தான். நுனி மழவராயரின் வலப்பக்கம் வந்தது.

“அடப் பாவி! நானென்ன செத்தா போய்விட்டேன்? திருப்பிப் போடடா!”

“நேற்றுத் தாங்கள் காட்டிய முறைப்படிதான் போட்டேன், ஐயா. அரசர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் நுனி இடப்பக்கம் அல்லவா இருக்கிறது?”

“அரசர் எங்கிருந்து பார்த்தால் என்ன? உண்பவன் நானல்லவா! என் இடப்பக்கம் வரவேண்டும் நுனி!” என்று மண்டபம் அதிரக் கத்தினார் மழவராயர். கத்திய பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

பூதலிங்கம் மறுபேச்சில்லாமல் இலையைத் திருப்பினான். ராஜா கீழே மழவராயரின் இலையைப் பார்த்தார். நிமிர்ந்து சுவரில் தம் இலையைப் பார்த்தார். இரண்டு நுனியும் ஒரே பக்கம் இருந்தன.

முதலில் அவர் மீசை துடித்தது. பிறகு தொந்தி குலுங்கியது. பிறகு சிரிப்பு தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எழுந்திரும் மழவராயரே, அந்த இலை உமக்கில்லை” என்றார்.

மாசிலாமணியை அழைத்து அங்கே உட்கார வைத்து, தம் பொற்காப்பைக் கழற்றி அவருடைய வலக்கையில் போட்டார். அந்த உச்சிப்பொழுதில் வெட்டுப்பட இருந்த கட்டைவிரலோடு அந்தக் கை சோற்றைப் பிசைந்தது. பூதலிங்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“உனக்கு என்ன வேண்டும், கேள்” என்றார் ராஜா.

“எனக்கும் ஓர் இலை, அரசே. இந்த அண்ணன் எழுதிய சோற்றைப் பார்த்த பிறகும் ஒருவனைப் பட்டினி போடலாமா?”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தாமே எழுந்து, அவனை உட்கார வைத்து, எதிரே நின்று தம் கையாலேயே இலையை எடுத்தார். விரிக்கும் முன் ஒரு கணம் யோசித்தார். நுனியைக் கவனமாக மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.