ஒரே வயிறு

“என் தம்பிக்கும் வரணும், சாமியம்மா.”

“என்ன வரணும்?”

“சர்க்கரை வியாதி. எனக்கு வந்த மாதிரி.”

கேட்டவர் தணிகாசலம். வயது ஐம்பத்திரண்டு. தென்னந்தோப்புக்காரர். பத்து வருஷமாகச் சாமியம்மாவின் சீடர். இதுவரை அவர் வந்து கேட்டதெல்லாம் முக்தியைப் பற்றி.

சாமியம்மா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். மலையடியில் சின்ன மடம். அன்றைக்குப் பூசை முடிய நேரமாகி, அப்போதுதான் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். இலையில் சர்க்கரைப் பொங்கல்.

“உட்காருங்க” என்றார்.

தணிகாசலம் எதிரே உட்கார்ந்தார். இடுப்பில் சாவிக்கொத்து குத்தியது. பக்கவாட்டில் தள்ளி விட்டுக்கொண்டார்.

“தம்பி உங்களை என்ன செஞ்சார்?”

“ஒண்ணும் செய்யலை. அதான். நான் விடிஞ்சா ஆறு கிலோமீட்டர் நடக்கறேன். அவன் கட்டில்லேர்ந்து டீக்கடை வரைக்கும் நடப்பான். நான் இனிப்பைத் தொட்டு நாலு வருஷம் ஆச்சு. போன கல்யாணத்துல அவனுக்கு எதிர் வரிசையில இடம் போட்டுட்டாங்க. மூணு ஜாங்கிரி, சாமியம்மா. மூணாவதை என்னைப் பார்த்துக்கிட்டே தின்னான்.”

“உங்களைப் பார்த்துக்கிட்டேயா தின்னார்?”

“எனக்கு அப்படித்தான் பட்டது.”

“உங்ககிட்ட அன்பா இருக்கமாட்டாரா?”

“இருப்பான். வரும்போதெல்லாம் சர்க்கரை போடாத பிஸ்கட் வாங்கிட்டு வருவான். அதைப் பார்த்தாதான் இன்னும் எரியும்.”

பொறாமைக்கு மாத்திரை கிடையாது. இருந்திருந்தால் தணிகாசலம் அதையும் வேளை தவறாமல் போட்டிருப்பார்.

“போன மாசம் ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கிட்டு வந்தான். சட்டையைக் கழட்டி மாட்டிட்டுக் குளிக்கப் போனான். பையிலேர்ந்து தாளை எடுத்துப் படிச்சேன்.”

“என்ன இருந்தது?”

“எல்லாம் சரியா இருந்தது. ஒரு அளவாவது கூடியிருக்கக் கூடாதா?”

சாமியம்மா ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். இன்னொரு கவளம். நெய் விரலில் வழிந்தது. முந்திரியை ஓரமாக ஒதுக்கித் தனியாகத் தின்றார்.

தணிகாசலம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப என்ன தோணுது?”

“கோபம்.”

“என் மேலயா?”

“சாப்பிடற எல்லா வாய் மேலயும்.” தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சிடுங்க.”

“வீட்டுலயும் இப்படித்தானா?”

“வீட்டுல அந்த வம்பே இல்லை. எனக்கு ஆகாதது யாருக்கும் வேணாம்னுட்டேன். அரிசி, பருப்பு, வெல்லம், நெய் எல்லாம் சாமான் அறைக்குள்ள. பூட்டியாச்சு. அன்னன்னிக்கு வேண்டியதைக் காலையில அளந்து வெளிய வெச்சுட்டுத்தான் கிளம்புவேன்.”

சாமியம்மா இன்னொரு கவளத்தை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

“தம்பி உங்களைவிட எத்தனை வயசு சின்னவர்?”

“நாலு.”

“நீங்க வயித்துல இருந்தப்ப உங்கம்மா என்ன சாப்பிட்டாங்க?”

“அது எதுக்கு இப்ப?”

“சும்மா சொல்லுங்க.”

“எங்கம்மா எங்க சாப்பிட்டா? வீட்டுல அரிசி இல்லாம இல்லை. அரிசி அறைச் சாவி அவ மாமியார் இடுப்புல இருந்தது. அந்தக் கிழவிக்கு ஒரு நம்பிக்கை. மாசமா இருக்கறவ நிறையத் தின்னா பிள்ளை பெருத்துடும், பிரசவம் சிரமமாயிடும். அதனால அரை வயித்துக்குத்தான் அளந்து போடுவா. எங்கம்மா ஊறப்போட்ட அரிசியில ஒரு பிடி அள்ளி வாயில போட்டுக்கிட்டுத் தண்ணிக்குப் போவாளாம். வழியெல்லாம் மெல்லுவாளாம்.”

“பிரசவம்?”

“சுலபமாத்தான் ஆச்சாம். முழங்கை நீளம்கூட இல்லையாம் நான். பூனைக்குட்டின்னு கூப்பிட்டிருக்காங்க.”

“தம்பி?”

“அவன் அதிர்ஷ்டத்தைக் கேக்கணுமா? அதுக்குள்ள கிழவி போய்ச் சேர்ந்துட்டா. சாவி எங்கம்மா இடுப்புக்கு வந்துடுச்சு. வேளைக்கு வேளை சோறு, தயிர், முட்டை. அவன் பொறந்தப்ப தூக்கின மருத்துவச்சி கை வலிக்குதுன்னாளாம்.” பல்லைக் கடித்தார். “ஒரே வயிறு, சாமியம்மா. அங்கயே எனக்குப் பட்டினி, அவனுக்குப் பந்தி.”

சாமியம்மா இடது கையால் வாசலுக்கு வெளியே காட்டினார்.

மடத்துத் தென்னை. பாதி உயரத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, அதற்கு மேல் மறுபடி பருத்திருந்தது.

“அது ஏன் அப்படி இருக்கு?”

தோப்புக்காரருக்கு ஒரு பார்வை போதும். “அந்த இடம் வளர்ந்தப்ப மழை இல்லை.”

“அப்புறம் எவ்வளவோ தண்ணி ஊத்தியாச்சே.”

“ஊத்தினா மேல வளர்றது பருக்கும். அந்த இடம் அப்படியேதான் நிக்கும். மா, வேம்பு மாதிரி இல்லை தென்னை. வளர்ந்த இடம் மறுபடி பருக்காது.”

“முறிஞ்சிடுமா?”

“முறிஞ்சே ஆகணும்னு இல்லை. காய்க்கும். மத்த மரத்தோட சேர்ந்து நிக்கும். புயல் வந்தா மட்டும் அந்த இடத்தைப் பார்த்துக்கணும்.”

சொல்லிவிட்டுத் தணிகாசலம் தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டார்.

“உள்ள இருக்கற பிள்ளைக்கு வெளி உலகத்துச் சேதி எப்படிப் போகும்?” என்றார் சாமியம்மா. “அம்மா முழுங்கற கவளம்தான் சேதி. உங்களுக்கு என்ன சேதி வந்தது?”

தணிகாசலம் மறுபடி தென்னையைப் பார்த்தார்.

“வெளிய சோறு இல்லைன்னு வந்தது.”

“வேற?”

“கிடைக்கறதைப் பிடிச்சு வெச்சுக்கோன்னு.”

“உடம்பு அதை நம்பிடுச்சு. அப்புறம் நீங்க எவ்வளவோ சோறு காட்டினீங்க. அது இன்னும் பழைய சேதியைத்தான் நம்புது. உங்க சர்க்கரை அங்கதான் ஆரம்பிச்சது.”

தணிகாசலம் அழவில்லை. முகம் இன்னும் கறுத்தது.

“அப்ப தம்பி இல்லை. கிழவிதான்.”

“அவங்க போய்ச் சேர்ந்தாச்சே.”

“இப்ப மட்டும் இருந்தா...”

“இருந்தா?”

“அந்தச் சாவியை இடுப்புலேர்ந்து பிடுங்கி எறிஞ்சிருப்பேன்.”

சாமியம்மா இலையில் மிச்சமிருந்த பொங்கலை விரலால் ஒன்று சேர்த்தார்.

“வீட்டுல இப்ப யார் யார் இருக்கீங்க?”

“நானும் என் சம்சாரமும். பொண்ணு தேன்மொழி வந்திருக்கா.”

“என்ன விசேஷம்?”

“வளைகாப்பு முடிஞ்சு அழைச்சிட்டு வந்தோம். எட்டாம் மாசம்.”

“அவளுக்கு என்ன சாப்பாடு?”

“தனியா என்ன சாப்பாடு? எனக்கு அளக்கறதுதான் அவளுக்கும்.”

“உங்க எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுவாளா?”

“மாட்டா. தட்டைத் தூக்கிட்டு உள்ள போயிடுவா. யாராவது சாப்பிட்டா என் முகம் எப்படி ஆகும்னு அவளுக்குத் தெரியும்.”

“பசிக்குதுன்னு சொல்லுவாளா?”

“அவங்கம்மாகிட்டச் சொல்லுவா. நான்தான், நிறையத் தின்னா பிள்ளை பெருத்துடும், பிரசவம்...”

வாய் திறந்தபடியே நின்றது.

சாமியம்மா இலையை மடித்தார்.

தணிகாசலம் எழுந்தார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. யார் காதிலோ விழுந்துவிடும் என்பதுபோல் அதைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். கழட்டிப் போட்ட செருப்பைத் தாண்டி, வெறுங்காலோடு படியிறங்கினார்.

“ஐயா, தம்பிக்கு வரணும்னு கேட்டீங்களே?”

அவர் திரும்பவில்லை.

“மணி மூணாகப் போகுது, சாமியம்மா. சாவி என்கிட்ட இருக்கு.”